ஒரு நூல் குறைந்த தகடு

பட்டறைக்காரர்கள் வாட்சப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுப் பட்டறையில் படம் வரைய எந்த மென்பொருள் போடலாம், பெரியதாக வேண்டாம், சின்னச் சின்ன வேலைக்குத்தான் என்று. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சண்டைகூட வந்தது. கடைசியில் தேனிக்காரர் ஒருவர், "போடி மாயண்ணனக் கேளுங்கப்பா. அவரு ஏரோப்பிளேனே வரைஞ்ச ஆளு" என்று போட்டுவிட்டார்.

எனக்கு செல்போனில் எழுத்தைத் தட்டித் தட்டி எழுத வராது. பேசி அனுப்பினால் என் குரல் எனக்கே பிடிப்பதில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். பட்டறைக்காரர்கள் சங்கத்தின் மலரில் போடுவதாகச் சொல்கிறார்கள். போடட்டும்.

என் பெயர் சின்னமாயன். எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டத்தில் சோலி பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். நான் கீழேயே யூசுப் அண்ணன் பட்டறையில் சேர்ந்துகொண்டேன். முதலில் கூட்டினேன். பிறகு தகடு பிடித்தேன். பிறகு வெட்டினேன், பற்றவைத்தேன். மீசை நரைத்தபோதும் அதே பட்டறைதான்.

மலை மேலே தோட்டத்துக்குத் தோட்டம் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் இருக்கும். ஸ்டோர் என்போம். அடுப்பின் சூடு தகரக் குழாய் வழியாக அந்த அறையைச் சுற்றிவரும். அந்தக் குழாய்களும் அவற்றின் வளைவுகளும்தான் எங்கள் பிழைப்பு.

யூசுப் அண்ணன் விமானப்படையில் ஃபிட்டராக இருந்து வந்தவர். எத்தனையோ விமானங்களின் வயிற்றைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். ஒன்றையும் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர்கள் வேறு, பூட்டுகிறவர்கள் வேறு. அங்கே அப்படித்தான் என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

அவர் குணத்தைச் சொல்ல வேண்டும். வேலையில் பிழை இருந்தால் திட்ட மாட்டார். "இது தப்பு" என்றும் சொல்ல மாட்டார். அந்தப் பொருளை எடுத்து மேசை மேல் வைப்பார். எதிர்க் கடைக்குக் கைகாட்டி இரண்டு டீ சொல்வார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பார். நான் டீயைக் குடித்துக்கொண்டே பொருளைப் பார்க்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை அவர் தெருவைத்தான் பார்ப்பார். வெறும் திட்டென்றால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அந்த டீ தொண்டையில் இறங்காது.

அவர் மகள் ஷாஹிதா படித்து முடித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும், அண்ணனுக்கு வேறு நினைப்பு வந்தது. வெளியூரில் ஒரு பயிற்சியாளர் அம்மாவிடம் போய்ச் சின்ன விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டார். ஒருநாள் பட்டறைக்கு வந்து, "மாயா, நாம ஒண்ணு செய்வோம்" என்றார்.

"என்னண்ணே?"

"பிளேனு."

"யாருக்கு?"

"எனக்குடா."

ஒரு ஆள் உட்காரும் விமானம். அலுமினியக் குழாயில் சட்டம், மேலே துணி ஒட்டிய இறக்கை. இறக்கையைக் கீழிருந்து சாய்வாகத் தாங்க இரண்டு பக்கமும் கம்பிகள். மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை மேலேயிருந்து ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜீப்பில் போனால் ஒரு வளைவில் இருக்கும்போது இன்னொரு வளைவு தெரியாதாம்.

ஊரில் பேச்சு பரவியது. ஜீப் டிரைவர் பாண்டி தினமும் வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்பான்.

"அண்ணே, இதுல மெட்டுக்கு எத்தன ஆளு ஏத்தலாம்?"

"ஒரு ஆளு."

"கட்டுபடி ஆகாதுண்ணே. டாப்புல ஒரு நாலு பேரு, பின்னாடி தொங்குறவக ரெண்டு பேரு. அதுக்குத் தக்கன செய்யுங்க."

அண்ணன் சிரிக்காமல் சொல்வார். "ஒன்னையக் கட்டித் தொங்கவிட ஒரு கொக்கி வைக்கிறேன்டா."

சட்டம் பாதி நின்றபோது, அனுமதி தருகிற அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்துவிட்டு, "வேலை நல்லா இருக்கு. ஆனா பாகத்துக்குப் பாகம் வரைபடம் வேணும். எது எந்த அளவு, எங்க துளைன்னு தாள்ல இருந்தாத்தான் மேல பேச முடியும்" என்றார்.

எங்களிடம் தாள் ஏது? எல்லாம் தகரத்தில்தான் இருந்தது. எந்தப் பொருள் செய்தாலும் முதலில் தகரத்தில் அச்சு வெட்டுவோம். அதைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவோம். அடுத்த முறை அதை வைத்துக் கீறி வெட்ட வேண்டியதுதான். இப்படித்தான் கணினிப் படத்துக்கு வந்து சேர்ந்தோம்.

ஷாஹிதா விடுமுறைக்கு வரும்போது மடிக்கணினியோடு வந்தாள். அண்ணன் சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்துக்கொண்டார். எந்த மென்பொருள் என்றாலும் அதில் ஸ்டோர் குழாயின் வளைவு ஒன்றை வரைய வேண்டும். எங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்த பொருள். அதை வரையும்போது கை எங்கே தடுமாறுகிறதோ, அது நம் தடுமாற்றமல்ல, மென்பொருளின் தடுமாற்றம் என்று தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பெரிய மென்பொருள். பொருளையே திரையில் உருட்டிக் காட்டும். ஷாஹிதா வேகமாக வரைந்தாள். பார்க்க அழகு. நான் உட்கார்ந்தால் ஒரு கோடு போட அது நாலு கேள்வி கேட்டது. பட்டறையில் இருந்த பழைய கணினியில் போட்டதும் விசிறி அலறியது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். சாரல் காலத்தில் போடியில் நெட் போய்விடும். அப்படிப் போன ஒரு நாள் அது திறக்கவே இல்லை. முதலில் நெட்டில் வந்து யார் நீ என்று சொல் என்றது.

அண்ணன் திரையைப் பார்த்தார். "எம் பட்டறையில வந்து என்னைய யாருன்னு கேக்குதுடா."

"அத்தா, நெட்டு வந்ததும் தெறந்துரும்" என்றாள் ஷாஹிதா.

"வேணாம் பாப்பா. மழைக்கி லீவு போடுற ஆளு நமக்கு ஆகாது."

அடுத்தது ஒன்று. பூ வரையலாம், விளம்பரத் தட்டி செய்யலாம். கோட்டின் நீளத்தைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதுவும் போனது.

மூன்றாவது சின்னது. கோடு, வட்டம், வில், அளவு, அச்சு. அவ்வளவுதான். நெட் கேட்கவில்லை. பழைய கணினியில் உடனே திறந்தது. அங்குலத்திலும் போடலாம், மில்லிமீட்டரிலும் போடலாம். குழாய் வளைவை நானே வரைந்தேன். முழு அளவில் அச்செடுத்து வெட்டி, தகரத்தில் ஒட்டி, கத்தரித்துச் சுருட்டினேன். வாய்க்கு வாய் உட்கார்ந்தது.

என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும் ஷாஹிதாவும் ஒப்புக்கொண்டாள். "சித்தப்பாவுக்கு இதுதான். பெருசு எனக்கு ஆபீசுல இருக்கட்டும்."

அதில் நாங்கள் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். இது உங்களுக்கு உதவும். கோப்பைத் திறந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். பிறகு நடுக்கோடு. நடுக்கோடு இல்லாமல் எதையும் வரையாதீர்கள். வெட்டும் கோட்டுக்கு ஒரு நிறம், மடிக்கும் கோட்டுக்கு ஒரு நிறம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஆறு அங்குலக் கோடு ஒன்று தனியாகப் போடுங்கள். அச்செடுத்ததும் இரும்பு ஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. அடக்குவதுதான் அவர் வேலை. ஸ்கேல் சொல்லிவிடும்.

சாயந்தரம் கடை அடைக்கும்முன் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். முழு விமானத்தின் படத்தையும் திறக்கச் சொல்வார். மவுசின் சக்கரத்தை அவரே உருட்டுவார். கறுப்புத் திரையில் விமானம் சிறுத்துக்கொண்டே போகும். தும்பியளவு, ஈயளவு, பிறகு ஒரு புள்ளி.

"போயிருச்சு" என்பார்.

மறுபக்கம் உருட்டுவார். புள்ளி பெருத்து விமானமாகும்.

"வந்துருச்சு."

"அண்ணே, சக்கரம் தேஞ்சிரும்."

"தேயட்டும்டா."

தினமும் இது நடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கணினியை அணைப்பேன்.

இனி அந்தத் தகடு. சாய்வுக் கம்பி இறக்கையைப் பிடிக்கும் இடத்தில் ஒரு இரும்புத் தகடு வரும். காது மாதிரி இருக்கும். காதுத் தகடு என்போம். அதன் துளையில் போல்ட் நுழையும். பறக்கும்போது ஆளின் எடை, விமானத்தின் எடை எல்லாம் அந்தக் காதுகளில்தான் தொங்கும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம்வரை, துளையின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இரும்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் துளை இரண்டு நூல். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஆகவே ஓரத்துக்கு நாலு நூல் வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். தகர அச்சை எப்போதும் சுற்றிலும் ஒரு நூல் பெரிதாகத்தான் வெட்டி மாட்டுவோம். வெட்டி, தட்டி, அரம் போட்டு வரும்போது அந்த ஒரு நூல் கரைந்து சரியான அளவு வரும். இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பட்டறையில் கை வைத்த எல்லாருக்கும் தெரியும்.

காதுத் தகட்டை மட்டும் மதுரையில் லேசர் கடையில் கொடுத்து வெட்டுவது என்று அண்ணன் முடிவு செய்தார். லேசர், கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே வெட்டும். அரம் போட வேண்டியதில்லை. சுவரில் இருந்த அச்சை எடுத்து அளந்து கணினியில் வரைந்தேன். அரத்துக்கு விட்ட ஒரு நூல் இதற்கு வேண்டாமே என்று கழித்துவிட்டு வரைந்தேன். கோப்பை அண்ணனிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மறுநாள் அண்ணன் அதைத் திறந்தார். மாயன் அச்சை அப்படியே வரைந்திருப்பான், லேசருக்கு ஒரு நூல் வேண்டாமே என்று அவரும் சுற்றிலும் ஒரு நூல் கழித்து அனுப்பினார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தகடுகள் வந்தன. அண்ணன் அனுப்பிய கோப்பை அச்செடுத்து, அந்தப் படத்தின் மேல் வைத்தோம். மயிரிழை பிசகவில்லை. மகிழ்ச்சியாகப் பூட்டினோம். இறக்கைக்குத் துணி ஒட்டினோம், அது விறைப்பாக நிற்கப் பசை மெழுகினோம், வர்ணம் அடித்தோம். தகட்டின் அடிப்பாகம் துணிக்குள் மறைந்து, காது மட்டும் வெளியே நின்றது. படமும் தகடும் பொருந்தியதால்தான் யாரும் வேறு எதையும் பார்க்கவில்லை.

பொறியாளர் மறுபடி வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. விமானம் ஓட்ட உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் தந்த அண்ணனின் மருத்துவச் சீட்டும் முடியப் போகிற நேரம். சர்க்கரை இருந்தது. கண்ணில் அப்போதே மங்கல் ஆரம்பித்திருந்தது. இந்தச் சீட்டு முடிவதற்குள் வண்டி பறந்துவிட வேண்டும், அடுத்த முறை டாக்டர் கையெழுத்துப் போடுவாரோ என்னவோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

அன்று காலை நான் போனபோது மேசை மேல் ஒரு காதுத் தகடு இருந்தது. உபரியாக வெட்டியதில் ஒன்று. அண்ணன் எதிர்க் கடைக்குக் கைகாட்டினார். இரண்டு டீ. கண்ணாடி பைக்குள் போனது. தெருவைப் பார்த்தார்.

நான் தகட்டை எடுத்தேன். விளிம்பு சுத்தம். துளை சுத்தம். புரட்டினேன். டீயை ஒரு வாய் குடித்தேன். துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே கட்டைவிரலை வைத்தேன். இடம் போதவில்லை. ஸ்கேலை வைத்தேன். மூன்று நூல்.

"அண்ணே, நான் ஒரு நூல் கழிச்சுத்தான் வரைஞ்சேன்."

அவர் தெருவிலிருந்து தலையைத் திருப்பினார். அவ்வளவு வருடத்தில் டீ முடியும்முன் அவர் திரும்பியது அன்றுதான்.

"நீயும் கழிச்சியா?"

"ஆமாண்ணே."

"நானும் கழிச்சேன்டா."

இருவரும் தகட்டைப் பார்த்தோம். அவர் டீயைத் தொடவில்லை. ஆடை கட்டிவிட்டது.

நான்தான் சொன்னேன். "நாலுல ஒண்ணுதான கொறையுது. இரும்பு கனமாத்தான் இருக்கு. தாங்கும்ணே."

"தாங்கும்."

"பொறவு என்ன?"

"தாங்கும்னு நீ சொல்றே. நானும் சொல்றேன். அந்தத் தகடு சொல்லலையேடா."

"துணியக் கிழிக்கணும்ணே. திருப்பி ஒட்டி, மெழுகி... மழை பிடிச்சிட்டா வர்ணம் காயாது. மாசக் கணக்காயிரும். ஒங்க டாக்டர் சீட்டு..."

"அது இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? அதுக்குத்தானண்ணே இம்புட்டும்."

அவர் எழுந்தார். கத்தியை எடுத்தார். இறக்கையின் அடியில் உட்கார்ந்து, துணி மேல் கையை வைத்துத் தடவினார். எந்த இடத்தில் கிழிப்பது என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அது மட்டுமில்லை. பிறகு கிழித்தார். துணி கிழியும் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. ஜீப்பை நிறுத்திவிட்டுக் கிண்டல் செய்ய வந்த பாண்டி வாசலிலேயே நின்றுவிட்டு, திரும்பி ஜீப்பில் ஏறிப் போனான்.

புதிதாக வரைந்தேன். இந்த முறை படத்திலேயே எழுதினேன்: இது முடிந்த அளவு, கழிக்கக் கூடாது. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் அதை எழுதாமல் விட்டதில்லை. நீங்களும் எழுதுங்கள். சுவரில் இருந்த அச்சுகள் எல்லாவற்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் 'ஒரு நூல் கூட' என்று எழுதி வைத்தோம்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. மேலே மேகம் இறங்கி மலையே தெரியாது. வர்ணம் காய அடுப்பு வைத்தோம். ஸ்டோரில் காய் உலர்த்துகிற மாதிரி இறக்கையை உலர்த்தினோம். பொறியாளர் வந்து, படங்களைப் புரட்டி, கையெழுத்துப் போட்டார். ராசிங்காபுரம் தாண்டியிருக்கிற தரிசில் மூன்று சுற்று பறக்க அனுமதி வந்தது. அதற்கு முந்தின வாரம் அண்ணன் டாக்டரிடம் போய் வந்தார்.

பஸ்சை விட்டு இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார். பையை வைத்தார்.

"கீழ் வரிசை எழுத்து தெரியலடா" என்றார். அவ்வளவுதான்.

நான் டீ சொன்னேன். இரண்டு.

அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அம்மாதான் வந்து பறந்தார்கள். சின்ன உருவம். பாண்டி பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தம்மா எடைக்கு டாப்புல நாலு பேரு தாராளமா ஏறலாம்" என்றான். அந்த அம்மா ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார்கள். காதுத் தகட்டில் கொஞ்சம் நின்று, விரல் வைத்து, தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு ஏறி உட்கார்ந்தார்கள்.

தரிசில் தூசி எழுந்தது. சக்கரம் குதித்தது, குதித்தது, பிறகு குதிக்கவில்லை. தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஷாஹிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானம் மலைப் பக்கம் திரும்பியது. மழை கழுவிய மலை. மேலே போகப் போகச் சிறுத்தது. தும்பியளவு. ஈயளவு.

அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"மாயா, தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது. அவருக்கு அந்தத் தூரம் தெரியவில்லை.

"தெரியுதுண்ணே. மலைக்கு நேரா இருக்கு. திரும்புது."

"காது?"

"நல்லா இருக்குண்ணே. வருது. வந்துருச்சு."

இறங்கிய அம்மா, "இடது பக்கம் லேசா இழுக்குது" என்றார்கள். அண்ணனின் முகம் மலர்ந்தது. அன்று அவர் சிரித்ததை நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். இன்னும் வேலை இருக்கிறதே. திரும்பி வரும்போது ஜீப்பில், "நானே பறந்திருந்தா எப்படிப் பறக்குதுன்னு பாக்க முடியாதுல்ல" என்றார். நான் ஆமாம் என்றேன்.

இடது பக்க இழுப்பைச் சரி செய்ய அவர் இல்லை. அடுத்த நோன்புக்கு முன்பே போய்விட்டார். விமானத்தை ஷாஹிதா ஒரு கல்லூரிக்குக் கொடுத்தாள். கூடத்தின் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருமுறை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். ஆடாமல் அசையாமல் இருந்தது. மறுபடி போகவில்லை.

கேட்டவருக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். சின்ன மென்பொருள் போதும். உங்களுக்குக் கை பழகிய பொருள் ஒன்றை அதில் வரைந்து பாருங்கள். முழு அளவில் அச்சு வர வேண்டும். நெட் இல்லாமல் திறக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. கோப்பு பல வருடம் கழித்தும், வேறு கணினியிலும் திறக்க வேண்டும். வாங்கும்போது இது யாருக்கும் தோன்றாது.

நேற்று இதை எழுத உட்காரும்முன் ஷாஹிதாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பழைய கோப்புகளை அனுப்பினாள். "தெறக்குமா சித்தப்பா?" என்றாள். என் பேரனின் கணினியில் அதே சின்ன மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். திறந்தது. எல்லாக் கோடும் இருந்தது. காதுத் தகட்டின் பக்கத்தில் நான் எழுதியதும் இருந்தது.

முழு விமானத்தைத் திறந்தேன். சக்கரத்தை உருட்டினேன். தும்பியளவு, ஈயளவு, புள்ளி. திருப்பி உருட்டினால் வந்துவிடும். விரல் சக்கரத்தின் மேலேயே இருந்தது. மலைப் பக்கம்தானே போயிருக்கிறது, கொஞ்சம் சுற்றிவிட்டு வரட்டும் என்று அப்படியே விட்டு வைத்தேன்.